குமுளி மலையில் நிலத் தட்டைப்புழு பார்க்க வருகிறவர்களுக்கு

ஆடி மாதத்து இரவு ஒன்றில், வீட்டுப் பின்பக்கம் பாத்திரம் கழுவும் கல்லின்மேல் ஒரு சாண் நீளத்துக்கு ஏதோ ஊர்ந்துகொண்டிருந்தது. உடம்பு நூல்போல மெலிந்து பளபளத்தது, தலை மட்டும் அரைவட்டமாக விரிந்திருந்தது. அட்டையும் இல்லை, மண்புழுவும் இல்லை. நிலத் தட்டைப்புழு என்று பிறகுதான் தெரிந்தது.

அதன் வாழ்க்கையை ஒழுங்காகப் பார்த்துக் குறித்துவைக்க எனக்கு இரண்டு மழைக்காலம் பிடித்தது. முதல் மழைக்காலம் முழுக்க அனுமதிக்கு அலைந்ததில் போய்விட்டது. இரண்டாவதில் பாதி, எங்கே எப்போது பார்ப்பது என்று தெரியாததால் வீணானது. குமுளி, வண்டன்மேடு, பீர்மேடு பக்கம் இதற்காக வருகிற மாணவர்களும் ஆர்வலர்களும் அதே அலைச்சலை அலையக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். வரிசை முக்கியம். நான் அதை மாற்றிச் செய்ததால்தான் இவ்வளவு நாளானது.

1. எதைத் தேடுகிறீர்கள் என்று தெரிந்துகொண்டு வாருங்கள்

ஈர மண்ணில் ஊர்கிற எல்லாமே முதல் பார்வைக்கு ஒன்றுபோல் தெரியும். அட்டைக்கு இரண்டு முனையிலும் உறிஞ்சி உண்டு, சாண் போட்டு அளப்பதுபோல வளைந்து வளைந்து நடக்கும். மண்புழுவுக்கு உடம்பெல்லாம் வளையம். ஓடில்லாத நத்தைக்குத் தலையில் உணர்கொம்புகள் இருக்கும். தட்டைப்புழுவுக்கு இவை எதுவும் கிடையாது. எண்ணெய் வழிவதுபோல, உடம்பில் அசைவே தெரியாமல் நழுவிப் போகும். வயிற்றுப் பக்கம் வெளிறிய பட்டை ஒன்று நீளவாக்கில் ஓடும். அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய மயிரிழைகள் இருக்கின்றன. புழு தானே சுரக்கும் கோழையின்மேல் அந்த இழைகளால் துழாவி நகர்கிறது. போன வழியில் மினுமினுப்பாக ஒரு கோடு விழும்.

தலை சுத்தியல்போல விரிந்திருந்தால் அது பெரும்பாலும் பைபேலியம் கூட்டத்தைச் சேர்ந்தது. புதிதாக வருகிறவர்கள் தவறுவது இங்கேதான். தட்டைப்புழு என்றாலே சுத்தியல் தலை என்று நினைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் விட்டுவிடுகிறார்கள். உலகத்தில் 800க்கும் மேற்பட்ட நிலத் தட்டைப்புழு இனங்கள் உண்டு. பலவற்றுக்குத் தலை வெறும் கூர்முனைதான். அரை விரல் நீளத்தில் பழுப்பாக ஒன்று கிடந்தால் அதையும் குனிந்து பாருங்கள்.

மலையாளத்தில் சுத்தியல் தலைப் புழுவைச் சட்டுகத்தலையன் என்பார்கள். சட்டுகம் என்றால் தோசை திருப்பும் நம் சட்டுவம்தான். கொடிய விஷமுள்ள பாம்பின் குட்டி என்று அதை நம்புகிறவர்கள் தமிழ்நாடு–கேரள எல்லையின் இரண்டு பக்கத்திலும் இருக்கிறார்கள். நீங்கள் வழி கேட்கும்போது, 'தோசைச் சட்டுவம் மாதிரித் தலை இருக்குமே, அந்தப் புழு' என்று கேளுங்கள். 'தட்டைப்புழு' என்று கேட்டால் வயிற்றுக்குள் இருக்கும் நாடாப்புழுவைப் பற்றிக் கேட்பதாக நினைத்துவிடுவார்கள்.

2. முதலில் காட்டுக்குப் போகாதீர்கள்

மழைக்காட்டில் வாழும் உயிர் என்று படித்ததும், நேரே காட்டுக்குள்தான் போக வேண்டும் என்று நினைத்தேன். அதனால்தான் முதல் மழைக்காலம் போனது. தட்டைப்புழுவுக்குத் தேவையானவை மூன்று: விடாத ஈரம், பகலில் ஒளிய நிழலான இடுக்கு, இரை. மரநிழலில் வளரும் ஏலத்தோட்டத்தில் மூன்றும் கிடைக்கும். சருகு மூடிய தரை, மக்கிய மரக்கட்டை, செடித் தூரைச் சுற்றி நிறைய மண்புழு. லயத்து வீடுகளின் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) பின்பக்கம், ஓடையோரக் கல், மாட்டுச் சாணக் குழி, நர்சரித் தொட்டிகளின் அடி, இங்கெல்லாம் நான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே முதல் மழைக்காலத்தைத் தனியார் நிலத்தில் கழியுங்கள். வனத்துறை அனுமதி தேவைப்படாத பட்டா நிலம், உங்களைத் தெரிந்த ஒருவருடையது என்றால் இன்னும் நல்லது. கண் பழகியபின் காட்டுக்குப் போனால், அனுமதி கிடைக்கிற சில நாட்களும் வீணாகாது.

ஒரு எச்சரிக்கை. ஏலத்துக்குப் பூச்சிமருந்து அடிக்கடி அடிப்பார்கள். சமீபத்தில் மருந்தடித்த பகுதியில் தேடாதீர்கள், அது உங்கள் உடம்புக்கே கேடு. 'எந்தப் பாத்தியில என்னைக்கு மருந்தடிச்சீங்க, அடுத்தது எப்போ?' என்று சூப்பர்வைசரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மருந்தடிக்காத ஓடையோரமும் வேலியோரமும்தான் எனக்கு எப்போதும் கைகொடுத்திருக்கின்றன.

3. அனுமதியும் காகிதங்களும்

தனியார் தோட்டம் என்றால்: வாய்மொழியாகக் கேட்டு வாங்கிய சம்மதம் போதாது. உரிமையாளரோ மேலாளரோ கையெழுத்திட்ட ஒரு பக்கக் கடிதம் வாங்குங்கள். அதில் உங்கள் பெயர், கைப்பேசி எண், அடையாள அட்டை எண், கூட வருகிறவர் பெயர், தோட்டத்தின் எந்தப் பகுதி, எந்தெந்தத் தேதி, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்பதெல்லாம் இருக்கட்டும். 'எதையும் பறிக்கவோ எடுத்துச் செல்லவோ மாட்டேன்' என்று நீங்களே ஒரு வரி எழுதிக் கொடுங்கள். கடிதத்தின் நகல் ஒன்றைக் காவலாளியிடம் கொடுத்து, கிளம்பும் நாளன்று மாலையில் ஒருமுறை நேரில் சொல்லிவிடுங்கள்.

இந்தக் கடைசி வேலையைத் தட்டிக்கழிக்காதீர்கள். அறுவடைக் காலத்தில் ஏலக்காய் திருட்டுக்குப் பயந்து இரவு முழுக்கக் காவல் இருக்கும். செடிகளுக்கு நடுவே டார்ச் வெளிச்சம் அசைந்தால் திருடன் என்றுதான் நினைப்பார்கள். என்னிடம் மேலாளரின் கடிதம் இருந்தது, ஆனால் காவலாளிக்குத் தெரியாது. இரவு ஒன்பது மணிக்கு நான்கு பேர் கம்போடு சூழ்ந்துகொண்டார்கள். மேலாளர் போனை எடுக்கும்வரை மழையில் நின்றேன்.

வன நிலம் என்றால்: கேரளத்தில் வன விலங்குச் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் எதிலும் ஆய்வுக்காகவோ படம் எடுக்கவோ நுழைய வேண்டுமானால் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972இன் 28ஆம் பிரிவின்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். அவர் அலுவலகம் திருவனந்தபுரத்தில். சரணாலயமாக இல்லாத ரிசர்வ் காட்டிலும் அனுமதியின்றி நுழைவது குற்றம்தான். அங்கே கோட்ட வன அலுவலரிடமிருந்து தொடங்க வேண்டும்.

இதில் நான் கற்றுக்கொண்டவை:

முதலாவது, மாநில எல்லை. குமுளியில் பேருந்து நிலையத்திலிருந்து சில அடி நடந்தாலே மாநிலம் மாறிவிடும். லோயர் கேம்ப்பிலிருந்து ஏறும் மலைச்சாலையின் இருபுறக் காடு தமிழ்நாட்டுடையது. தேக்கடிப் பக்கம் கேரளத்தின் பெரியாறு புலிகள் காப்பகம், 925 சதுர கிலோமீட்டர். கிழக்கே தமிழ்நாட்டின் திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். ஒரு மாநிலத்துத் தாள் இன்னொரு மாநிலத்தில் செல்லாது. விண்ணப்பம் எழுதுமுன் வரைபடத்தில் உங்கள் இடத்தைக் குறித்து, அது யாருடைய காடு, எந்த ரேஞ்சு (வனச்சரகம்) என்று உறுதிசெய்யுங்கள். நான் தவறான பக்கத்து அலுவலகம் ஒன்றில் மனு கொடுத்துவிட்டு ஏழு வாரம் காத்திருந்தேன். ஏழாவது வாரம் போய்க் கேட்டபோதுதான், இது எங்கள் எல்லையே இல்லை என்றார்கள்.

இரண்டாவது, 'சேகரிப்பு' என்ற சொல். சரணாலயத்துக்குள்ளிருந்து எந்த வன உயிரையும் எடுப்பது 29ஆம் பிரிவில் வருகிறது, அதன் நிபந்தனைகள் கடுமையானவை. புழுதானே என்று அலட்சியமாக நினைக்காதீர்கள், சட்டத்துக்கு அதுவும் வன உயிர்தான். என் முதல் மனுவில் 'தேவைப்பட்டால் மாதிரி சேகரிப்பேன்' என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்காகவே திரும்பி வந்தது. 'கவனிப்பும் படப்பதிவும் மட்டும்' என்று மாற்றியபின் மனு நகர்ந்தது.

மூன்றாவது, இரவு. இந்தப் புழு இரவில்தான் வெளியே வரும் என்பது உங்களுக்குத் தெரியும், கோப்பைப் பார்க்கிறவருக்குத் தெரியாது. நேரத்தை மணிக்கணக்கில் எழுதுங்கள், ஏன் இரவு என்று இரண்டு வரியில் விளக்குங்கள். என் மனுவில் அது இல்லாததால் பகல் அனுமதிதான் வந்தது. புலிகள் காப்பகத்தில் இரவு அனுமதி கேட்டாலும் எளிதில் தர மாட்டார்கள். யானையும் மற்ற விலங்குகளும் நடமாடும் இடம், அவர்கள் தயங்குவது நியாயமே. அப்படியானால் அதிகாலையும் மழைக்கால மப்பு நாளும் கேளுங்கள்.

விண்ணப்பத்தோடு வைக்க வேண்டியவை: என்ன பார்க்கப் போகிறீர்கள் என்று இரண்டு பக்கத் திட்டம், கல்லூரி அல்லது நிறுவனத்தின் பரிந்துரைக் கடிதம், அடையாள அட்டை நகல், கூட வருகிறவர்களின் பட்டியலும் அவர்களுடைய நகல்களும், கொண்டுபோகும் கருவிகளின் பட்டியல், இடமும் தேதியும், முடிந்தபின் அறிக்கை தருவதாக உறுதிமொழி. எல்லாவற்றிலும் மூன்று செட். கொடுத்த மனுவுக்கு அலுவலக முத்திரையோடு ஒப்புகை வாங்காமல் வராதீர்கள். தனி ஆளாக ஆய்வு அனுமதி கேட்பது கடினம். ஏதாவது ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையோடு சேர்ந்துகொள்வது நல்லது, எனக்கு அப்படித்தான் கிடைத்தது.

கட்டணம் அரசாணைப்படி அவ்வப்போது மாறும், அன்றைய தொகையை அலுவலகத்திலேயே கேளுங்கள். ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். அரசுக் கட்டணம் நீங்கலாக, நகல், தபால், பேருந்து என்று எனக்கு ஆன செலவு ஏறக்குறைய 1,900 ரூபாய். அதில் பாதி தவறான அலுவலகத்துக்கு அலைந்ததற்கு. சரியான மனு கொடுத்ததிலிருந்து கையில் தாள் வர 11 வாரம் ஆனது. ஜூனில் போக வேண்டுமானால் பிப்ரவரியிலேயே கொடுத்துவிடுங்கள்.

இத்தனை காகித வேலை வேண்டாம், காட்டை ஒருமுறை பார்த்தால் போதும் என்பவர்களுக்குத் தேக்கடியில் உள்ளூர் வழிகாட்டிகளோடு போகும் காட்டு நடைகள் இருக்கின்றன. மழை பெய்து ஓய்ந்த காலையில் பதிவு செய்யுங்கள். சருகோரம் மெதுவாக நடக்க வேண்டும் என்று வழிகாட்டியிடம் முன்பே சொல்லிவிடுங்கள். அவர்கள் கண் நம் கண்ணைவிடக் கூர்மை.

4. எப்போது வர வேண்டும்

தென்மேற்குப் பருவமழை ஜூன் தொடக்கத்தில் பிடிக்கும். முதல் மழைக்கே ஓடி வராதீர்கள். மேல்மண் மட்டும் நனைந்திருக்கும், புழு இன்னும் ஆழத்தில் இருக்கும். மண் ஊறிச் சருகு அடிவரை நனைய இரண்டு மூன்று வாரம் ஆகும். ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை நல்ல காலம். அப்புறம் அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு மழை. இங்கே இரண்டு மழையும் கிடைப்பது நமக்கு வசதி. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வந்தால் வெறும் சருகைத்தான் புரட்ட வேண்டியிருக்கும்.

கம்பத்தில் வெயில் அடிக்கிறதே என்று பயணத்தைத் தள்ளிப்போடாதீர்கள். கம்பம் பள்ளத்தாக்கு மழை மறைவில் இருக்கிறது. அங்கே புழுதி பறக்கும் அதே நாளில் மேலே குமுளியில் குடை பிடித்து நடப்போம். காலையில் ஏலத்தோட்ட வேலைக்குக் கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் ஜீப்பில் மேலே வருகிற பெண்களிடம் கேளுங்கள், 'நேத்து மேல மழையா அக்கா?' என்று. அலைபேசியில் காட்டும் வானிலையைவிட அதை நம்பலாம்.

கொட்டுகிற மழையில் ஒன்றும் கிடைக்காது. மழை நின்று, காற்றில்லாமல், இலைகளிலிருந்து நீர் சொட்டுகிற இரவு வேண்டும். எட்டு மணி முதல் பத்து மணி வரை. அது முடியாவிட்டால் விடியற்காலை ஐந்தரையிலிருந்து ஆறரை. இரவெல்லாம் அடைமழை பெய்து மண்ணில் தண்ணீர் தேங்கினால், காலையில் நடைபாதையிலும் சுவரிலும் ஏறிக் கிடக்கும். வெயில் படுமுன் பார்த்துவிட வேண்டும்.

5. சாமானும் செலவும்

தலையில் மாட்டும் டார்ச் 600 ரூபாய். அதன்மேல் கட்டச் சிவப்புக் கண்ணாடித்தாள் 10 ரூபாய், ஏன் என்று பிறகு சொல்கிறேன். அலைபேசியில் மாட்டும் மேக்ரோ லென்ஸ் 700. பத்து மடங்கு பெரிதாக்கும் மடக்கு லென்ஸ் 300. அட்டை ஏறாமல் தடுக்கும் காலுறை 250. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் 450. மென்மையான ஓவியத் தூரிகை 20, பிளாஸ்டிக் ஸ்கேல் 10, மூடியுள்ள சிறிய பார்சல் டப்பா நான்கு. பென்சில், நோட்டு. பேனா மழையில் கரைந்துவிடும். இது என் கைக்கணக்கு, கடைக்குக் கடை கொஞ்சம் மாறும்.

பெரிய கேமரா வாங்காதீர்கள். அந்தப் பணத்தில் இன்னும் பத்து இரவு வந்து தங்கலாம், அந்தப் பத்து இரவில்தான் விஷயம் இருக்கிறது.

6. ஒளியும் இடத்தைப் புரிந்துகொண்டு தேடுங்கள்

இந்தப் புழுவுக்கு நுரையீரல் இல்லை, இதயமோ இரத்தமோ இல்லை. மூச்சு முழுவதும் தோல் வழியாகத்தான். அந்தத் தோலுக்கோ தண்ணீரைத் தடுத்து நிறுத்தும் சக்தி கிடையாது. காற்று காய்ந்தால் உடம்பு காயும். அதன் வாழ்க்கை முழுவதும் இந்த ஒரு நெருக்கடியைச் சுற்றியே நடக்கிறது. பகலில் கட்டைக்கடியில் சுருண்டு கிடப்பதும், இரவில் மட்டும் வருவதும், வறண்ட மாதங்களில் மண்ணுக்குள் இறங்குவதும் அதற்காகத்தான். இது மனதில் இருந்தால் எங்கே குனிய வேண்டும் என்று கால் தானாக நிற்கும். கைவிரலால் சருகைத் தொட்டுப் பாருங்கள். மேலே ஈரம், அடியில் காய்ந்த மண் என்றால் அங்கே நேரம் செலவழிக்காதீர்கள்.

பகலிலேயே நனைந்த சாக்கை நான்காக மடித்து, நிழலில் மண்ணோடு ஒட்டும்படி போட்டு, மேலே ஒரு பலகையும் கல்லும் வையுங்கள். ஐந்தாறு இடத்தில் போடுங்கள். மூன்று நாள் கழித்து விடியற்காலையில் மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். ஒரு வாரம் காட்டில் தேடியும் கிடைக்காத எனக்கு முதல் புழு சாக்குக்கடியில்தான் கிடைத்தது.

கட்டையைப் புரட்டும்போது, உங்களுக்கு எதிர்ப்புற விளிம்பைப் பிடித்து உங்களை நோக்கித் தூக்குங்கள். அடியில் குழிவிரியன் இருந்தால் கட்டை உங்களுக்கும் அதற்கும் நடுவில் நிற்கும், அதற்கும் போக வழி இருக்கும். வெறுங்கையால் வேண்டாம், கம்பாலோ கொக்கியாலோ. பார்த்து முடித்தபின் கட்டையை இருந்தபடியே, அதே பக்கம் கீழே இருக்கும்படி வையுங்கள். அந்த அடிப்பக்கம் அவ்வளவு ஈரமாக எத்தனையோ வருடம் ஆகியிருக்கும். புரட்டிப் போட்டுவிட்டுப் போனால் ஒரே பகலில் காய்ந்துவிடும்.

இரவில் வெள்ளை வெளிச்சத்தை நேராக அடித்தால் புழு திரும்பி இருட்டை நோக்கிப் போகும். தலையின் ஓரமெங்கும் பல நுண்ணிய கண்கள் உண்டு. உருவம் தெரியாது, வெளிச்சமும் இருட்டும் தெரியும். சிவப்புத் தாள் கட்டிய டார்ச்சில் அவ்வளவு கலையாது. கண்டுபிடித்ததும் ஒரு முழத் தூரத்தில் உட்காருங்கள். அரை மணி நேரமாவது உட்காருங்கள்.

அந்த அரை மணி நேரத்தில்தான் அது தலையை உயர்த்தி இடமும் வலமுமாக வீசி வீசித் தேடுவது தெரியும். தலை விளிம்பில் இருக்கும் உணர்வுக் குழிகளால் மண்புழு போன தடத்தை அது மோப்பம் பிடிக்கிறது. ஏலம் பறிக்கும் அக்கா ஒருவர், இது பாம்புக்குட்டி, தொடாதீங்க என்று என்னைத் தடுத்தவர், பல்லே இல்லாத புழு என்று சொன்னதும் கேட்டார்: 'பல்லு இல்லாம மண்புழுவ எப்படித் திங்கும் தம்பி?' எனக்கு அன்று பதில் தெரியவில்லை. மறுவாரம் அவரே ஓடையோரக் கட்டையைக் காட்டினார். அன்றிரவு இருவரும் உட்கார்ந்து பார்த்தோம்.

மண்புழு துடித்தது. தட்டைப்புழு அதன்மேல் ஏறிச் சுற்றிக்கொண்டு கோழையால் ஒட்டிப் பிடித்தது. பிறகு நடு வயிற்றிலிருந்து வெள்ளையாக ஒரு மடிப்பு வெளியே விரிந்தது. அதுதான் அதன் தொண்டை. வாய் தலையில் இல்லை, வயிற்றுக்கு நடுவில் இருக்கிறது. அந்த விரிந்த தொண்டையால் இரையைப் போர்த்தி, செரிமானச் சாறு விட்டு, வெளியிலேயே கரைத்து உறிஞ்சிக்கொள்கிறது. கழிவும் அதே வாய் வழியாகத்தான் வெளியேறும். 40 நிமிடம் ஆனது. 'இவ்வளவுதானா? இதுக்காடா எங்கம்மா எங்கள ஓட விட்டாங்க' என்றார் அக்கா. அதற்குப் பிறகு அவர் பார்த்துச் சொன்னவைதான் என் நோட்டில் அதிகம்.

மிளகு அளவில், கறுத்து மினுங்கும் உருண்டை ஏதாவது கட்டைக்கடியில் ஒட்டியிருந்தால் எடுக்காதீர்கள், அது முட்டைக்கூடாக இருக்கலாம். இட்டவுடன் சிவந்திருக்கும், ஒரு நாளில் கறுக்கும், மூன்று வாரம்போலக் கழித்துக் குஞ்சுகள் வெளியே வரும். சில இனங்களில் இன்னொரு வழியும் உண்டு. வால்நுனியைத் தரையில் ஒட்டவைத்துவிட்டு முன்னுடல் இழுத்துக்கொண்டு போய்விடும். விடுபட்ட துண்டு உடனே நகரும், ஒரு வாரம் பத்து நாளில் அதற்குத் தலை முளைக்கும். தனித் துண்டைப் பார்த்து, யாரோ மிதித்துவிட்டார்கள் என்று எறிந்துவிடாதீர்கள்.

7. படமும் குறிப்பும்

ஒவ்வொரு புழுவுக்கும் ஐந்து படம்: முழு உடல் ஸ்கேலோடு, தலை மேலிருந்து, கழுத்து, முதுகுக் கோடுகள், வயிற்றுப்புறம். வயிற்றுப் படத்துக்கு, ஈரப்படுத்திய டப்பாவுக்குள் தூரிகையால் ஏற்றி, அது சுவரில் ஊரும்போது வெளியிலிருந்து எடுங்கள். நீளத்தை அது நீட்டி நகரும்போது அளக்க வேண்டும். சுருங்கிக் கிடக்கும்போது பாதிகூட இருக்காது.

நோட்டில் தேதி, நேரம், கடைசியாக மழை பெய்த நேரம், எதன்மேல் இருந்தது, என்ன செய்துகொண்டிருந்தது. பார்க்காத இரவுகளையும் எழுதுங்கள். எட்டு இரவு ஒன்றும் இல்லை என்பதும் தகவல்தான்.

டப்பாவில் பத்து நிமிடத்துக்கு மேல் வைக்காதீர்கள். காரின் முன்பக்கத்தில் ஒரு டப்பாவை மறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது கோழைதான் மிச்சம். இன்றும் அது எனக்கு உறுத்தல்தான்.

8. தொடாதீர்கள், வெட்டாதீர்கள்

பைபேலியம் இனங்கள் இரண்டில் டெட்ரோடோடாக்சின் இருப்பது கண்டறியப்பட்டிருக்கிறது. பஃபர் மீனில் இருக்கும் அதே நஞ்சு. கடிக்கப் பல்லில்லாத, கொட்ட முள்ளில்லாத புழு அது, பயந்து ஓட வேண்டியதில்லை. ஆனால் வெறுங்கையால் எடுத்தால் கோழை ஒட்டும், சிலருக்கு எரிச்சல் வரும். எலிகளின் நுரையீரலில் வாழும் ஒரு உருளைப்புழுவின் இளநிலைகளையும் தட்டைப்புழுக்கள் சுமக்கக்கூடும், அது மனித மூளையைத் தாக்கவல்லது. தூரிகையும் இலையும் போதும். முடித்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். கோழியையும் நாயையும் அருகில் விடாதீர்கள்.

விரலால் இழுத்தால் அறுந்துவிடும். அறுந்தது இரண்டாக வாழலாம். மண்புழு உரக்குழி வைத்திருப்பவர்கள் அரிவாளால் நறுக்கிப் போட்டதையும், அடுத்த மாதம் முன்பைவிட அதிகமானதையும் பார்த்திருக்கிறேன். குழிக்குள் வந்து மண்புழுவைத் தின்கிறது, அகற்றியே ஆக வேண்டும் என்றால், குச்சியால் எடுத்து உப்புத் தண்ணீர் உள்ள பாட்டிலில் போட்டு மூடுங்கள். குழிக்கு மட்டும்தான் அது. ஓடையோரத்திலும் காட்டிலும் இருப்பவை அந்த மண்ணுக்கே உரியவையாக இருக்கலாம். அவற்றைக் கொல்ல நமக்கு எந்தக் காரணமும் இல்லை.

9. பெயர் சொல்ல அவசரப்படாதீர்கள்

தென்கிழக்காசியாவைப் பூர்வீகமாகக் கொண்ட பைபேலியம் கெவென்ஸ் என்ற இனம் நர்சரிச் செடிகளின் மண்ணோடு உலகமெங்கும் பரவியிருக்கிறது. 1878இல் அது விவரிக்கப்பட்டதே லண்டன் கியூ தோட்டத்துக் கண்ணாடி வீட்டில் கிடைத்ததை வைத்துத்தான். முதுகில் ஐந்து கருங்கோடு, கழுத்தில் முழுதாகச் சேராத கறுப்புப் பட்டை இருக்கும். அப்படி இருந்தால், தொட்டி வந்த வழியையும் விசாரித்து எழுதுங்கள்.

மற்றவற்றுக்கு நிறத்தையும் கோடுகளையும் மட்டும் வைத்து இனப் பெயர் எழுதாதீர்கள். இனப்பெருக்க உறுப்புகளை மெல்லிய சீவல்களாக அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தோ, மரபணுவைப் பார்த்தோதான் பலவற்றை உறுதிசெய்ய முடியும். 'பைபேலியம், இனம் தெரியவில்லை' என்பது நேர்மையான பதிவு. பார்த்த உயிர்களைப் படத்தோடு பதியும் ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் கட்டணமில்லாமல் பதிவேற்றலாம். தனியார் தோட்டம் என்றால் இடத்தை மங்கலாக்கும் வசதியைத் தேர்ந்தெடுங்கள். வன அனுமதியில் எடுத்த படமென்றால், வெளியிடுவதற்கு என்ன நிபந்தனை என்று அனுமதித் தாளை ஒருமுறை படித்துவிட்டு ஏற்றுங்கள்.

10. திரும்பி வந்தபின்

தனியாக இரவில் போகாதீர்கள் என்பதை மேலேயே எழுதியிருக்க வேண்டும். யானை நடமாட்டம் பற்றி அன்று மாலை லயத்தில் கேட்டு, இருக்கிறது என்றால் அன்று விட்டுவிடுங்கள். புழு நாளைக்கும் இருக்கும்.

பூட்ஸையும் தூரிகையையும் டப்பாவையும் கிளம்பும் இடத்திலேயே கழுவி, மண்ணை அங்கேயே விடுங்கள். வால்நுனித் துண்டோ முட்டைக்கூடோ ஒட்டிக்கொண்டு வந்தால் நீங்களே ஒரு புது ஊருக்கு அதைக் கொண்டுபோனவர் ஆவீர்கள். தோட்டத்திலிருந்து செடியும் மண்ணும் கேட்டு வாங்கிப் போகாதீர்கள்.

அடுத்த மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் சாதாரணச் சளி என்று விடாதீர்கள். ஈர மண்ணில் எலிக்காய்ச்சலும், புதரில் இருக்கும் நுண்ணிய பூச்சி கடித்து ஸ்க்ரப் டைஃபஸும் வரும். உடம்பில் எங்காவது வலியில்லாத கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று அக்குள், இடுப்பு மடிப்பு எல்லாம் பாருங்கள். மருத்துவரிடம் முதல் வார்த்தையாகவே, 'மழையில் ஏலத்தோட்டத்தில் இரவு முழுக்கத் தரையில் உட்கார்ந்திருந்தேன்' என்று தேதியோடு சொல்லுங்கள்.